பெயர் ஒன்று, பொருள் வேறு: இரசாயனப் பண்டங்களின் விவரக்குறிப்பைப் பேணும் முறை

தொழில் வளர்ச்சி பெற்ற ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கான இரசாயனப் பண்டங்கள் நாள்தோறும் கைமாறுகின்றன. உற்பத்தி செய்பவர் ஒருவர். வாங்கி விற்பவர் வேறொருவர். அதனைக் கொண்டு மருந்தோ, சாயமோ, வண்ணப்பூச்சோ தயாரிப்பவர் மூன்றாமவர். இவர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பீப்பாயின் மேல் ஒட்டப்பட்ட சீட்டும், அதனுடன் வரும் சோதனைச் சான்றிதழுமே இவர்களை இணைக்கின்றன. சீட்டில் எழுதியிருப்பதும் பீப்பாயின் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்ற வினா வாணிப வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அது உயிரைப் பற்றிய வினாவாகும்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இறந்தோர் எண்ணிக்கை இருபதைக் கடந்தது. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட அம்மருந்தைச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருப்பது தெரிய வந்தது. மருந்தில் இருக்க வேண்டிய கரைப்பான் புரோப்பிலீன் கிளைகால். அப்பெயரில் வாங்கப்பட்டது மருந்துத் தரமுடையது அன்று என்பதை ஆய்வாளர்கள் குறித்தனர். ஒரு பண்டத்தின் பெயரை மட்டும் நம்பி, அதன் விவரக்குறிப்பைப் புறக்கணிப்பதால் நேரும் கேட்டுக்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

பண்டங்களின் விவரக்குறிப்பைத் தொகுத்துப் பேணுவதற்கென இன்று பெரிய நிறுவனங்களில் கணிப்பொறி மென்பொருள்கள் பயன்படுகின்றன. அவை எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றால் எதனைச் செய்ய இயலும், எதனைச் செய்ய இயலாது என்பதை அறிவது, நிர்வாகத் துறையினருக்கும் மாணவர்களுக்கும் பயன் தரும்.

விவரக்குறிப்பு என்பது யாது?

ஒரு பண்டம் எது, அது எவற்றால் ஆனது, அதன் இயல்புகள் யாவை, அவ்வியல்புகள் எந்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும், அந்த எல்லையை எம்முறையில் சோதித்தறிவது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை கூறுவதே விவரக்குறிப்பு. "நல்ல தரமான கரைப்பான்" என்று எழுதுவது விவரக்குறிப்பு ஆகாது. இன்ன மாசு இத்தனை சதவீதத்திற்கு மேற்படலாகாது என்றும், அதனை இன்ன முறையில் சோதிக்க வேண்டும் என்றும் எழுதினாலே அது விவரக்குறிப்பாகும். அளக்க இயலாத சொல்லுக்கு இதில் இடமில்லை.

நம் நாட்டில் இந்த எண்ணம் புதியதன்று. இந்தியத் தர நிறுவனம் 1947 ஜனவரியில் தன் பணியைத் தொடங்கியது. ஐ.எஸ். 1 என்னும் முதல் எண்ணைத் தாங்கிய தர நியமம் 1951-இல் வெளிவந்தது. அது தேசியக் கொடியைப் பற்றியது. கொடியின் அளவுகள், வண்ணங்கள், துணியின் இயல்புகள் ஆகிய அனைத்தும் அதில் வரையறுக்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி, அந்நிறுவனத்தின் பணிகளை 1987 ஏப்ரல் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. மருந்துகளையும் மருந்துக்கான மூலப்பொருள்களையும் பொறுத்தவரை, இந்திய மருந்து நியம நூல் இதே பணியைச் செய்கிறது.

பெயரின் குழப்பமும் எண்ணின் தெளிவும்

ஒரு வேதிப்பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குவது இயல்பு. கிளிசரின், கிளிசரால், 1,2,3-புரொப்பேன்ட்ரையால் ஆகிய மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவை. ஆனால் 1,2-புரொப்பேன்டையால், 1,3-புரொப்பேன்டையால் ஆகியவை ஒரே எழுத்தால் மாறுபடுவன போலத் தோன்றினும் வெவ்வேறு பொருள்கள். இவற்றுள் முன்னதே புரோப்பிலீன் கிளைகால். டைஎத்திலீன் கிளைகாலும் புரோப்பிலீன் கிளைகாலும் பெயரில் உறவினர் போல் ஒலிப்பவை. பார்வைக்கும் இரண்டும் நிறமற்றவை, சற்றே பிசுபிசுப்பானவை, இனிப்புச் சுவை கொண்டவை. ஒன்று உணவிலும் மருந்திலும் அனுமதிக்கப்பட்டது. மற்றொன்று பிரேக் திரவத்திலும் பிசின் தயாரிப்பிலும் பயன்படுவது; உட்கொண்டால் சிறுநீரகத்தை அழிப்பது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கே எண்கள் தோன்றின. அமெரிக்க வேதியியல் கழகத்தைச் சார்ந்த இரசாயனச் சுருக்கப் பணியகம் 1965 முதல் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு பதிவெண் வழங்கி வருகிறது. சி.ஏ.எஸ். எண் என்று வழங்கப்படும் இப்பதிவேட்டில் இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இடம்பெற்றுள்ளன. புரோப்பிலீன் கிளைகாலின் எண் 57-55-6. டைஎத்திலீன் கிளைகாலின் எண் 111-46-6. கிளிசரினின் எண் 56-81-5. பெயர் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் எண் மாறுவதில்லை.

இவ்வெண்ணின் கடைசி இலக்கம் சோதனை இலக்கமாகும். அதற்கு முந்தைய இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 என முறையே பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் ஒன்றாம் இடத்து இலக்கமே சோதனை இலக்கம். 57-55-6 என்ற எண்ணில் 5, 10, 21, 20 ஆகியவற்றைக் கூட்டினால் 56 வருகிறது. அதன் இறுதி இலக்கம் 6. எழுத்தர் கைத்தவறாக 57-56-6 என்று பதிந்தால் கூட்டுத்தொகை 57 ஆகிவிடும். கணிப்பொறி அந்தப் பதிவை ஏற்க மறுக்கும்படி அமைக்கலாம். இவ்வளவு எளிய ஏற்பாட்டினாலேயே பல தவறுகள் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றன.

போக்குவரத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் எண் வேறு உண்டு. பெட்ரோலுக்கு 1203, நீரற்ற அம்மோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017. டாங்கர் லாரியின் பின்புறம் எழுதப்பட்டிருக்கும் இந்நான்கிலக்க எண்ணைக் கொண்டு, விபத்து நேர்ந்த இடத்தில் தீயணைப்புப் படையினர் தாம் எதிர்கொள்ளும் பொருள் எத்தகையது என்பதை அறிகின்றனர். வரி விதிப்புக்குச் சுங்க ஒத்திசைவு எண் உண்டு. அதில் புரோப்பிலீன் கிளைகால் 2905.32 என்றும், டைஎத்திலீன் கிளைகால் 2909.41 என்றும் பிரிக்கப்பட்டுள்ளன.

ஒரே எண், இரு தரங்கள்

எண்கள் இவ்வளவு பயன் தருவனவாயினும், அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. மருந்துத் தரமான புரோப்பிலீன் கிளைகாலுக்கும் தொழில்துறைத் தரமான புரோப்பிலீன் கிளைகாலுக்கும் சி.ஏ.எஸ். எண் ஒன்றே, சுங்க எண்ணும் ஒன்றே. விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இடம்பெறலாம். மருந்துத் தரத்தில் டைஎத்திலீன் கிளைகாலும் எத்திலீன் கிளைகாலும் ஒவ்வொன்றும் 0.10 சதவீதத்தைத் தாண்டலாகாது. தொழில்துறைத் தரத்திற்கு இந்த வாக்குறுதி இல்லை. எனவே, பொருள் எது என்று அறிவது முதற்படியே. அது எந்தத் தரம் என்று அறிவது இரண்டாம் படி. வந்து சேர்ந்த இந்தப் பீப்பாய் அந்தத் தரத்தைச் சேர்ந்ததுதானா என்று சோதித்தறிவது மூன்றாம் படி.

இம்மூன்று படிகளும் ஒன்றோடொன்று குழம்பும்போதே ஆபத்து நேர்கிறது. பொருளின் பெயர் சரியாக இருப்பதைக் கண்டு தரமும் சரியென்று கொள்வதும், தரத்தின் பெயர் சீட்டில் இருப்பதைக் கண்டு சோதனை முடிந்ததாகக் கொள்வதும் இக்குழப்பத்தின் இரு வடிவங்கள்.

வரலாறு இதனை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து "எலிக்சிர்" என்ற பெயரில் விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய சட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசால் அம்மருந்தைக் கைப்பற்ற முடிந்தது நஞ்சு இருந்தமைக்காக அன்று. எலிக்சிர் என்று பெயரிட்ட மருந்தில் சாராயம் இருத்தல் வேண்டும், இதில் இல்லை என்பதற்காகவே. பெயரை மட்டுமே காத்த சட்டம் உயிரைக் காக்கவில்லை. அதன் விளைவாக 1938-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டிலும் 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இதே நச்சினால் இறந்தனர். 1986-இல் பம்பாயில் ஜே. ஜே. மருத்துவமனையில் டைஎத்திலீன் கிளைகால் கலந்த கிளிசரினால் 14 பேர் இறந்தனர். நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளின் இறப்பை அடுத்து, இருமல் மருந்துகளை ஏற்றுமதிக்கு முன் அரசு ஏற்ற ஆய்வகங்களில் சோதிப்பது 2023 ஜூன் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

இத்தகைய கேடு ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது என்பதற்குப் பொருளியலும் ஒரு விளக்கம் தருகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரத்தை விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாதபோது, நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. தரங்குறைந்த பொருள் நல்ல பொருளைச் சந்தையை விட்டே விரட்டுகிறது என்பது அவர் கண்ட முடிவு. கரைப்பான் சந்தையும் அத்தகையதே. இரு பீப்பாய்கள் ஒரே பெயரும் ஒரே நிறமும் கொண்டிருக்க, வாங்குபவருக்குத் தெரிவது விலை ஒன்றே. விவரக்குறிப்பும் சோதனையும் இல்லாத இடத்தில் மலிவான பீப்பாயே வெல்லும்.

கணிப்பொறியில் பதிவு அமையும் விதம்

ஒரு நிறுவனத்தின் கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு, விற்பனை ஆகிய பிரிவுகள் அனைத்தும் ஒரே தகவல் தொகுப்பைப் பயன்படுத்துமாறு அமைக்கப்பட்ட மென்பொருள்கள் இன்று பரவலாக உள்ளன. ஜெர்மனியில் 1972-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருள் அவற்றுள் ஒன்று. நம் நாட்டின் பெரிய பொதுத்துறை, தனியார் துறை நிறுவனங்கள் பலவும் அதனைக் கையாள்கின்றன. இத்தகைய மென்பொருளில் பண்டத்தின் விவரக்குறிப்புக்கென ஒரு தனிப் பகுதி உண்டு. அதில் ஒரு பதிவு அமையும் விதத்தைப் பின்வருமாறு விளக்கலாம்.

முதலாவது, அடையாளம். பொருளின் பெயர், மாற்றுப் பெயர்கள், வணிகப் பெயர், சி.ஏ.எஸ். எண், போக்குவரத்து எண் ஆகியவை இதில் அடங்கும். தூய வேதிப்பொருளுக்கு ஒரு பதிவும், கடையில் விற்கப்படும் உண்மைப் பண்டத்திற்கு வேறொரு பதிவும் ஏற்படுத்தப்படுகின்றன. கடையில் வாங்கும் தின்னர் ஓர் உண்மைப் பண்டம். அதிலுள்ள டொலுவீன் ஒரு தூய பொருள்.

இரண்டாவது, சேர்க்கை. உண்மைப் பண்டத்தில் எந்தெந்தத் தூய பொருள்கள் எவ்வளவு உள்ளன என்பது இங்கே பதியப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்த அளவு, மிகுந்த அளவு, இயல்பான அளவு என மூன்று மதிப்புகள் தரப்படும். இயல்பான அளவுகளின் கூட்டுத்தொகை 100 ஆகிறதா என்று கணிப்பொறி சரிபார்க்கிறது. வேண்டிச் சேர்த்த பொருள்கள் மட்டுமன்றி, வேண்டாது சேர்ந்த மாசுகளும் இங்கே இடம்பெறுவது இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் ஒரு தின்னரில் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பின், உலகளாவிய ஒத்திசைவு முறைப்படி அத்தின்னரும் புற்றுநோய் விளைவிப்பதாகவே வகைப்படுத்தப்படும். மூலப்பொருள் தருபவர் மாறி, மாசு 0.05-லிருந்து 0.2 சதவீதமாக உயர்ந்தால், பண்டத்தின் பெயரும் நிறமும் மாறுவதில்லை, வகைப்பாடு மாறுகிறது. மாசுக்கென ஒரு வரி பதிவில் இல்லையெனில் இம்மாற்றம் ஒருவர் கண்ணிலும் படாது.

மூன்றாவது, இயல்புகள். அடர்த்தி, கொதிநிலை, தீப்பற்றும் வெப்பநிலை, நச்சுத்தன்மை, சேமிக்கும் வெப்பநிலை முதலியவை மதிப்பும் அலகும் சோதனை முறையும் சேர்த்துப் பதியப்படுகின்றன. அலகு இல்லாத எண் பொருளற்றது.

நான்காவது, பயன்பாட்டு எல்லை. ஒரு மதிப்பு எந்த நாட்டிற்கு, எந்தத் துறைக்கு, எந்த நாளிலிருந்து செல்லும் என்பது குறிக்கப்படுகிறது. நிறுவனத்தின் உள்ளே மட்டும் தெரிய வேண்டிய தயாரிப்பு இரகசியமும், வெளியே கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஆபத்துக் குறிப்பும் ஒரே பதிவில் இருந்தபோதிலும், எவர் எதனைக் காணலாம் என்பது இதனால் வரையறுக்கப்படுகிறது.

ஐந்தாவது, சொற்றொடர்த் தொகுப்பு. "கண்ணில் பட்டால் நீரால் நன்கு கழுவுக" போன்ற வாக்கியங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டு, பல மொழிகளில் ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்டு வைக்கப்படுகின்றன. பதிவில் எண் மட்டுமே இருக்கும். அச்சிடும்போது தேவையான மொழியில் வாக்கியம் வரும். ஆளுக்கொரு விதமாக எச்சரிக்கை எழுதும் வழக்கம் இதனால் நீங்குகிறது. கிடங்குத் தொழிலாளி படிக்கும் மொழியில் எச்சரிக்கை அமைவதற்கும் இது வழி செய்கிறது.

ஒரு பதிவு, பல ஆவணங்கள்

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வந்து குவிந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கு, வாயு எது, அதற்கான சிகிச்சை யாது என்ற விவரம் தெளிவாகக் கிடைக்கவில்லை. பொருளைப் பற்றிய தகவல் அதனைத் தயாரித்தவரிடமே தங்கிவிடுமாயின் நேரும் விளைவை நாடு அன்று உணர்ந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கும் கடமை ஆலை உரிமையாளர் மீது சுமத்தப்பட்டது. 1989-இல் ஆபத்தான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் வெளிவந்தன; பாதுகாப்புத் தகவல் தாள் தயாரிப்பதை அவ்விதிகள் கட்டாயமாக்கின. அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆபத்தான சரக்கேற்றிச் செல்லும் வண்டிகளில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என விதித்தன.

இவ்வாறு ஒரே பண்டத்திற்குப் பெயர்ச்சீட்டு, பாதுகாப்புத் தகவல் தாள், லாரி ஓட்டுநருக்கான அவசரக் குறிப்பு, கொள்முதல் ஆணை, சோதனைத் திட்டம், ஏற்றுமதிப் படிவம் என ஆறு ஏழு ஆவணங்கள் தேவைப்படுகின்றன. ஏற்றுமதியாளருக்குச் சுமை இன்னும் மிகுதி. 2007 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய இரசாயனப் பதிவு விதிகளின்படி, ஆண்டுக்கு ஒரு டன் அல்லது அதற்கு மேல் அங்கு செல்லும் பொருளுக்குப் பொதுவாகப் பதிவு தேவை. ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு கோப்பு வைத்துக்கொண்டால், ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்தில் திருத்தப்படாமல் போகும். கொள்முதல் பிரிவில் பழைய எல்லையும், ஆய்வகத்தில் புதிய எல்லையும் இருக்கும். சீட்டில் இருப்பது இரண்டும் அன்று வேறொன்றாக இருக்கும்.

இதற்கான தீர்வு எளிய கொள்கை ஒன்றே: தகவல் ஓரிடத்தில் மட்டும் பதியப்பட வேண்டும், ஆவணங்கள் அனைத்தும் அங்கிருந்தே பிறக்க வேண்டும். பதிவு திருத்தப்படும்போது பழைய மதிப்பு அழிக்கப்படுவதில்லை. திருத்தியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் அது வரலாறாக வைக்கப்படுகிறது. பின்னாளில் விசாரணை நேரும்போது, குறிப்பிட்ட நாளில் எந்த எல்லை நடைமுறையில் இருந்தது என்பதை ஐயமின்றிக் கூற இது உதவும்.

பூட்டும் திறவுகோலும்

விவரக்குறிப்பு தாளில் இருந்தால் அது அறிவுரை. இருப்புக் கணக்கோடு இணைந்தால் அது பூட்டு. மென்பொருளின் தலையாய பயன் இதுவே எனலாம். பீப்பாய் வாயிலில் வந்து சேர்ந்தவுடன் அதன் தொகுதி எண் பதியப்பட்டு, சரக்கு "சோதனையில் உள்ள இருப்பு" என்ற நிலையில் வைக்கப்படுகிறது. கிடங்கில் அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் உற்பத்திக்கு வழங்க முடியாது. ஆய்வகம் மாதிரி எடுத்து, விவரக்குறிப்பில் உள்ள சோதனைகளைச் செய்து, கிடைத்த மதிப்புகளைப் பதிகிறது. மதிப்புகள் எல்லைக்குள் இருந்து, பொறுப்பான அலுவலர் ஏற்றுக்கொண்ட பின்னரே பூட்டு திறக்கிறது. டைஎத்திலீன் கிளைகால் என்ற வரியில் மதிப்பு பதியப்படாவிட்டால் அந்தச் சரக்கு கிடங்கை விட்டு நகராதவாறு அமைக்க முடியும்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1945-ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதிக்க வேண்டும் என்று ஏற்கெனவே கூறுகின்றன. நல்ல உற்பத்தி நடைமுறைகளைக் கூறும் எம் அட்டவணை 2023 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்டது. 2025 அக்டோபரில், மருந்துக்குப் பயன்படும் ஆபத்து மிக்க கரைப்பான்களின் ஒவ்வொரு தொகுதியையும் இணையவழி உரிம அமைப்பின் மூலம் கண்காணிக்குமாறு மாநில அதிகாரிகளுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பணித்தார். விதி இல்லாமையால் அன்று, விதிக்கும் கிடங்கின் கதவுக்கும் இடையே இணைப்பு இல்லாமையாலேயே கேடு நேர்கிறது என்பதை இந்நடவடிக்கைகள் காட்டுகின்றன.

கணிப்பொறியால் இயலாதது

எனினும், கணிப்பொறி தானே எதையும் சோதிப்பதில்லை. ஆய்வாளர் மாதிரி எடுக்காமலே 0.05 என்று பதிந்தால் கணிப்பொறி அதனை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளும், பூட்டும் திறந்துவிடும். பொருள் தருபவரின் சான்றிதழில் உள்ள எண்களை அப்படியே நகல் எடுத்து எழுதுவதும் இத்தகையதே. அச்சான்றிதழ் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த வாக்கு. அது சோதனை அன்று. கைமாறி வரும் பீப்பாயில் மறுமுறை நிரப்பிச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பின், முதல் உற்பத்தியாளரின் சான்றிதழ் உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் கூறாது.

ஆகவே, பொறுப்புகளைப் பிரித்து வகுத்தல் இன்றியமையாதது. விவரக்குறிப்பை வகுப்பவர் ஒருவர், அதனை ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பவர் மற்றொருவர், சோதிப்பவர் மூன்றாமவர், வாங்குபவர் நான்காமவர். குறைந்த விலைக்கு வாங்கினால் பாராட்டுப் பெறும் அலுவலரிடமே எல்லையைத் தளர்த்தும் அதிகாரமும் இருக்கலாகாது. ஒவ்வொரு பதிவுக்கும் பெயர் குறித்த ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். அவர் மாற்றலாகிச் செல்லும்போது பொறுப்பு எழுத்து மூலம் கைமாற வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பதிவு, நாளடைவில் பொய்யான பதிவாகவே ஆகிவிடும்.

ஒரே பொருளுக்குப் பல குறியீடுகள் தோன்றுவதும் பெரிய நிறுவனங்களில் காணப்படும் நோய். கிளிசரின் என்று ஒரு கிளையும், கிளிசரால் என்று மற்றொரு கிளையும் தனித்தனியே பதிந்துவிட்டால் இருப்புக் கணக்கு பிழைபடும். அதைவிட மோசமானது இதன் மறுதலை: மருந்துத் தரத்திற்கும் தொழில்துறைத் தரத்திற்கும் ஒரே குறியீடு வழங்கிவிடுவது. முன்னது பணத்தை வீணாக்கும். பின்னது உயிரை வாங்கும். புதிய குறியீடு கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், முன்பே உள்ள பதிவுகளோடு சி.ஏ.எஸ். எண்ணாலும் தரத்தாலும் ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும்.

அரசுத் துறையின் கொள்முதலுக்கும் இது பொருந்தும். 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தையில் பண்டங்கள் விவரக்குறிப்பின் அடிப்படையிலேயே பட்டியலிடப்படுகின்றன. விலை குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்பது முறையான வழிதான். ஆனால் விவரக்குறிப்பில் எழுதப்படாத தரத்திற்கு எவரும் விலை கொடுப்பதில்லை. கேட்க மறந்த வரியே பின்னர் குறையாக வந்து நிற்கும்.

சிறு நிறுவனங்கள் என் செய்வது?

பெரிய மென்பொருளை வாங்குவதும் அதனை நடத்தும் வல்லுநரை அமர்த்துவதும் சிறு நிறுவனங்களுக்கு எளிதன்று. வாயு நிறப்பிரிகைக் கருவி போன்ற சோதனைச் சாதனங்களின் செலவும் அவ்வாறே. ஆனால், இக்கட்டுரையில் கூறிய கொள்கைக்குக் கணிப்பொறி இன்றியமையாத நிபந்தனை அன்று. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். அப்பக்கத்தில் பெயர், எண், தரம், எல்லை, சோதனை முறை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி. சோதித்தவர் கையொப்பம் இல்லாமல் சரக்கு வழங்கக் கூடாது என்ற கட்டளை. கட்டுப்போட்ட பேரேடு ஒன்றும், பூட்டிய அறை ஒன்றும், நேர்மையான பொறுப்பாளர் ஒருவரும் இருந்தால் இம்முறை நடைபெறும். சோதனை வசதி இல்லாத நிறுவனங்கள் அரசு ஏற்ற பொது ஆய்வகங்களை நாடலாம். தொழிற்பேட்டைகளில் பல நிறுவனங்கள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஆய்வகம் அமைப்பதும் கருதத்தக்கது. இதற்கு அரசு அளிக்கும் உதவி தனியாருக்கான சலுகை அன்று. பொது நலத்திற்கான முதலீடு.

சோதனைச் செலவை உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும் என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது. அதனை மிச்சப்படுத்தும் நிறுவனம் உண்மையில் செலவைக் குறைப்பதில்லை. அச்செலவைத் தொலைவிலுள்ள ஏதோ ஒரு குடும்பத்தின் மீது மாற்றிவிடுகிறது. அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

உலக நாடுகள் பலவற்றுக்கும் மருந்து வழங்கும் பெருமை நம் நாட்டுக்கு உண்டு. அப்பெருமை தொழிற்சாலைகளின் எண்ணிக்கையாலும் ஏற்றுமதியின் மதிப்பாலும் மட்டும் நிலைப்பதன்று. சீட்டில் எழுதியதும் பீப்பாயில் இருப்பதும் ஒன்றே என்ற உறுதியே அதன் அடித்தளம். பொருள் எது, தரம் எது, இந்தத் தொகுதி சோதிக்கப்பட்டதா என்னும் மூன்று வினாக்களும் எளியவை. ஒவ்வொரு பீப்பாய்க்கும், ஒவ்வொரு நாளும், விதிவிலக்கின்றி அவற்றைக் கேட்கும் பழக்கமே நாட்டுக்குத் தேவை. அப்பழக்கம் வேரூன்றிய இடத்தில் கணிப்பொறி நல்ல துணையாக அமையும். அது இல்லாத இடத்தில் பொய்யையும் விரைவாக அச்சிட்டுத் தரும் கருவியாகவே அது நின்றுவிடும்.